மூன்றாவது ஜன்னலின் பூ

பென்னாகரத்தில் எங்கள் வீட்டுப் பூச்சு வேலைக்கு வந்திருந்த பெண் மேஸ்திரி, நான் மேசையில் விரித்து வைத்திருந்த சிறப்புத் தபால் உறையைப் பார்த்து நின்றுவிட்டார். பெங்களூரில் புதுப்பிக்கப்பட்ட பழைய கட்டடம் ஒன்றைச் சிறப்பித்து, அதன் படத்தோடு தபால் துறை வெளியிட்ட உறை அது.

“இதுல நான் வேல செஞ்சிருக்கேனுங்க,” என்றார்.

பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன்.

“மேல மூணாவது ஜன்னலுங்க. அது பழுதாகி, பூவேலயெல்லாம் கொட்டிப்போச்சு. சாரத்துல நின்னு சுண்ணாம்புல நான்தானுங்க திரும்ப எடுத்துக் கட்டுனேன்.”

குனிந்து பார்த்தேன். ஜன்னலுக்கு மேலே கடுகளவில் ஒரு பூ, இதழ் இதழாக இருந்தது. எத்தனையோ வருடங்களாக என்னிடம் இருக்கும் உறை. நான் ஒருநாளும் அதைக் கவனித்ததில்லை.

உறையில் பேனா படக்கூடாது என்பார்கள் சேகரிப்பவர்கள். நான் பேனாவை நீட்டினேன். அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டித் தன் பெயரை எழுதினார்.