நல்ல நேரத்து நகல்கள்

திண்டுக்கல்லில் ஒரு திருமணத் தகவல் மையத்தில் கம்ப்யூட்டர் என் பொறுப்பு. சாணார்பட்டி, அகரம் பக்கமிருந்து வரும் ஜாதகங்களை ஆறு வருடமாக விரல் தேயத் தட்டி டேட்டாபேஸில் ஏற்றியிருந்தேன். அந்த டேட்டாபேஸ், வர்ச்சுவல் மெஷின் ஒன்றில் ஓடியது. அதாவது ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் சாஃப்ட்வேரால் உண்டாக்கிய இன்னொரு கம்ப்யூட்டர்.

பெட்டி பழுதானால் என் ஆறு வருடமும் போச்சு. தினமும் பேக்கப் எடுக்கலாம் என்று முதலாளியிடம் சொன்னேன். நிறுத்திவிட்டுத்தான் நகல் எடுக்க வேண்டும், ஓடும்போதே எடுத்தால் பாதி பழசும் பாதி புதுசுமாக வந்து எதற்கும் உதவாது என்றும் சொன்னேன். அவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

"நல்ல நேரத்துல எடும்மா. ஆனா நல்ல நேரத்துல ஓடுறத நிறுத்தக்கூடாது."

நல்ல நேரம் என்றால் எங்கள் மையத்தில் கூட்டம் அள்ளும். ஜாதகம் கொடுக்க வருபவர்களும் அதே காலண்டரைத்தானே பார்க்கிறார்கள்! மையத்தில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் புது ஜாதகங்களை ஏற்றிக்கொண்டிருக்க, ஓடுகிற மெஷினைத் தினமும் அப்படியே நகலெடுத்துத் தனி டிஸ்கில் போட்டேன். டிஸ்குக்கு முதலாளி சந்தனம், குங்குமம் வைத்தார். ஒரு நகலையாவது திறந்து பார்த்தேனா? இல்லை. அந்த லட்சணத்தில் அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர், மறுநாள் நடக்கும் ஒரு கல்யாணத்துக்காகப் பழனிக்குப் போயிருந்தார். மூன்றரை மணி, ராகு காலம், ஆபீஸில் ஈ காக்காய் இல்லை. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நிதானமாக ஒரு நகல் எடுத்தேன்.

தை பிறந்த வாரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரின் டிஸ்க் செத்தது. குங்குமம் வைத்த நகல்களை ஒவ்வொன்றாக வேறு பெட்டியில் ஏற்றினேன். எதிலும் டேட்டாபேஸ் திறக்கவில்லை. கடைசியில் அந்தச் செவ்வாய்க்கிழமை நகல் மட்டும் திறந்தது. அதற்குப் பிறகு ஏற்றிய மூன்று மாத ஜாதகங்கள் போனது போனதுதான்.

எந்த நேரத்தில் எடுத்தாய் என்று கேட்டார் முதலாளி.

"ராகு காலம்ணே. ஆனா நிறுத்திட்டு எடுத்தேன்."

முதல் பாதி மட்டும் அவர் காதில் ஏறியது. மறுபடி சுவர்க் காலண்டரைப் பார்த்தார்.

"அப்ப இனிமே ராகு காலத்துலயே எடும்மா. ஆனா ராகு காலத்துல போயி எதையும் நிறுத்தாத."

சரி என்று சொல்லிவிட்டு, மூன்று மாத ஜாதகங்களைத் தாள்களைப் பார்த்து மறுபடி தட்ட உட்கார்ந்தேன். அன்றிலிருந்து அவர் டீ குடிக்கப் போகும்போது நிறுத்தி நகல் எடுக்கிறேன், அன்றன்றே திறந்தும் பார்க்கிறேன். நல்லவேளை, அவர் டீ குடிக்கும் நேரம் எந்தக் காலண்டரிலும் இல்லை.