ஆறாவது சீட்டு

நம்பாதவர்களிடம் நான் வாதாடப் போவதில்லை. அன்று அந்த அறைக்குள் என்னோடு இன்னொருத்தியும் இருந்தாள். இன்றைக்கு அவளைக் கேட்டாலும் இதையேதான் சொல்வாள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மணி உட்பட.

நான் அப்போது கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. புதிதாகச் சேர்கிறவர்கள் மிரண்டுபோய் ஊருக்கு ஓடிவிடக் கூடாது என்று எங்கள் கல்லூரியில் ஓர் ஏற்பாடு இருந்தது. என்னைப் போன்ற சீனியர் ஒவ்வொருவருக்கும் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் ஐந்து பேர். வியாழன்தோறும் மாலை ஐந்து மணிக்கு நூலகத்தின் மாடி அறையில் கூடுவோம். வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுவார்களே, அதற்காக ஒரு பழைய செருப்புப் பெட்டி. மூடியில் சீட்டு நுழையும் அளவுக்கு ஒரு கீறல். ஆளுக்கு ஒரு கேள்வி, பெயர் போடாமல் சீட்டில் எழுதிப் போட வேண்டும். நான் எடுத்துப் படித்துப் பதில் சொல்ல வேண்டும்.

பொறுப்பாளர் மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"எந்தக் கேள்வியையும் விட்டுடக் கூடாது. பதில் சொல்றப்ப தயங்கவும் கூடாது. நீ தயங்கினா அதுங்க பயந்துடும்."

தயங்காமல் இருப்பது எனக்குக் கைவந்த கலை. தெரியாததையும் தெரிந்த மாதிரி சொல்வேன்.

முதல் வியாழன். பாடம் புரியவில்லை என்றால் யாரைக் கேட்பது? நூலக அட்டை தொலைந்தால் என்ன செய்வது? பக்கத்துக் கட்டில்காரன் குறட்டை விட்டால்? வரிசையாகப் பதில் சொன்னேன். சிரித்தார்கள். கடைசிச் சீட்டு மட்டும் மஞ்சளேறிய காகிதம். பென்சிலால் அழுத்தி எழுதியிருந்தது.

'கீழ்த்தளத்துப் படிக்கிற அறைக் கதவு உள்ளேயிருந்து திறக்குமா?'

மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட நான் தரைக்கு அடியில் இருக்கும் அந்தக் கீழ்த்தளத்துக்கு இறங்கியதில்லை. அப்படி ஓர் அறை இருப்பதே தெரியாது. ஆனாலும் தயங்கவில்லை.

"திறக்காம எங்கே போகும்? இது காலேஜ்ப்பா, ஜெயில் இல்லை."

மறுபடி சிரிப்பு. எல்லோரும் போன பிறகு சீட்டுகளை எண்ணினேன்.

ஐந்து பேர். ஆறு சீட்டு.

யாரோ இரண்டு போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். யாரென்றும் முடிவு செய்துவிட்டேன். மூட்டை.

மூட்டை என்பது கூட இருந்த பிள்ளைகள் வைத்த பெயர். எங்கே போனாலும் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே வருவாள். எந்த நிமிடமும் ஊருக்குக் கிளம்பத் தயார். கிண்டல் தாங்காமல் ஒரு நாள் பையைக் கவிழ்த்தே காட்டினாள். இரண்டு செட் துணி, சோப்பு டப்பா, ஒரு அலாரம் கடிகாரம்.

"காலையில எட்டுக்கு அடிக்கும்க்கா. தலையில தட்டுற வரைக்கும் நிக்காது. எங்கம்மா மாதிரியே."

இரண்டாவது வாரம் பென்சில் சீட்டு: 'இழுத்துப் பார்த்தேன்.'

மூன்றாவது வாரம்: 'தட்டியும் பார்த்தேன். யாருக்கும் கேட்கலை.'

பாவம், கல்லூரியில் மாட்டிக்கொண்டதைத்தான் இப்படிச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். மூட்டையைப் பார்த்தபடியே பதில் சொன்னேன்.

"முதல்ல எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். பொறுத்திரு. பழகிடும்."

அவள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள்.

நான்காவது வியாழன். மறுநாளிலிருந்து ஒன்பது நாள் விடுமுறை. மாலை 5.00. நான்கு பேர்தான் வந்திருந்தார்கள். மூட்டை வரவில்லை.

பெட்டியைத் திறந்தேன். ஐந்து சீட்டு.

பென்சில் சீட்டும் இருந்தது.

'இங்கே இன்னொரு ஆள் வந்திருக்கு.'

அதை நான் வாய்விட்டுப் படிக்கவில்லை. பிள்ளைகளைச் சீக்கிரமே அனுப்பிவிட்டேன்.

5.40க்கு என் ஃபோன் அடித்தது. மூட்டையின் அம்மா. தையல்காரர். பின்னால் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"அம்மாடி, லீவுக்கு வர்றேன்னா பரவாயில்லை. ஒரேயடியா வர்றேங்கறா. ராத்திரி எட்டேகால் பஸ்ஸாம். வாசல்ல கால் வச்சுட்டா அவங்கப்பா மறுபடி அனுப்ப மாட்டார். நீதான் அவளுக்கு எப்படியாவது எடுத்துச் சொல்லணும்."

"நான் பார்த்துக்கறேன்மா. அவ போக மாட்டா."

அதையும் தயங்காமல்தான் சொன்னேன்.

உடனே மூட்டையைக் கூப்பிட்டேன். எடுத்தாள். ஒரே இரைச்சல்.

"அக்கா... கீழே... படிக்கிற அறை... கதவு..."

கட்.

பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினேன். 5.52. கீழ்த்தளத்தில் நீளமான நடைவழி. இரண்டு பக்கமும் பழைய நாற்காலிகள். கடைசியில் ஒரு பச்சைக் கதவு. தள்ளியதுமே திறந்தது. உள்ளே நுழைந்தேன்.

மூட்டை மூலையில் உட்கார்ந்திருந்தாள். அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"அக்கா, கதவைப் பிடிங்க! விடாதீங்க!"

திரும்பினேன். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

உள்பக்கம் கைப்பிடி இல்லை. ஒரு வட்டத் தகடு. நான்கு திருகாணி ஓட்டைகள். சுற்றிலும் மரத்தில் கீறல்... கீறல்... கீறல்.

"இங்கே எதுக்குடி வந்தே?"

"விடுதி முழுக்க லீவு குஷி. நிம்மதியா அழக்கூட இடமில்லைக்கா. நீங்கதானே சொன்னீங்க, உள்ளேயிருந்து திறக்கும்னு?"

ஃபோனை எடுத்தேன்.

ஃபோனில் இப்போது சிக்னல் இல்லை. தட்டினோம். கத்தினோம். களைத்துப்போய்ப் பெட்டியோடு தரையில் உட்கார்ந்தேன். நூலகம் 6.30க்குப் பூட்டிவிடுவார்கள். அப்புறம் ஒன்பது நாள்.

சுவரில் கடிகாரம் மாதிரி திருகி விடுகிற விளக்குச் சுவிட்ச். கொஞ்ச நேரத்தில் விளக்கைத் தானே அணைத்துவிடும் வகை. அது ஓடுகிற சத்தம் மட்டும். டிக். டிக். டிக்.

6.03. விளக்கு அணைந்தது. மறுபடி திருகினேன். எரியவில்லை.

மூட்டை என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சர்ர்... சர்ர்...

"என்னடி சத்தம் அது?"

"நான் இல்லைக்கா."

காகிதத்தில் பென்சில் ஓடுகிற சத்தம். எதிர் மூலையிலிருந்து.

நின்றது.

என் மடியிலிருந்த பெட்டிக்குள் ஏதோ விழுந்தது. 'சரக்.'

காலிப் பெட்டி அது. நானே காலி செய்த பெட்டி.

ஃபோன் வெளிச்சத்தில் திறந்தேன். மஞ்சள் சீட்டு.

'திறக்குமா?'

மூட்டை அழ ஆரம்பித்தாள். நான் பதில் சொல்லவில்லை.

சர்ர்... சர்ர்... சரக்.

'திறக்குமா?'

இந்தத் தடவை சத்தம் பக்கத்தில் கேட்டது.

சர்ர்... சரக். சர்ர்... சரக்.

என் காதருகே யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு... காத்திருந்த மாதிரி...

6.22.

"திறக்காது!"

கத்திவிட்டேன்.

"திறக்காதுப்பா. நான் பார்க்காமலே சொல்லிட்டேன். தப்பு என்னோடதுதான். வெளியேயிருந்துதான் திறக்கும். எங்களை விட்டுடு. நான் வந்து உனக்குத் திறந்து விடறேன்."



பென்சில் கீழே உருண்டது.

க்ளக்.

கதவு ஒரு விரல் அகலம் விலகியது. நடையின் வெளிச்சம் கோடாக உள்ளே விழுந்தது. மூட்டையை இழுத்துக்கொண்டு ஓடினேன். எங்களுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே வந்தபோது 6.26.

அவசரத்தில் அவளுடைய பை உள்ளேயே தங்கிவிட்டது. பணம், டிக்கெட் எல்லாம் அதற்குள்தான். எட்டேகால் பஸ் அவள் இல்லாமல் போனது. அன்று இரவு என் அறையில்தான் படுத்தாள். விடிய விடிய விளக்கை அணைக்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தோம். எந்தப் பாடம் புரியவில்லை, யார் கிண்டல் செய்கிறார்கள், எல்லாவற்றையும் அன்றுதான் கேட்டேன். தெரியாததற்குத் தெரியாது என்றேன். விடியற்காலையில் அவளே சொன்னாள்.

"இந்தப் பருவம் மட்டும் இருந்து பார்க்கறேன்க்கா."

காலை 7.50. நூலகக் காவலர் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். அறையில் பையை விட்டுவிட்டோம் என்றேன்.

"எந்த அறை?"

"கீழ்த்தளத்துல, கடைசி. பச்சைக் கதவு."

அவர் துடைப்பத்தைச் சாய்த்து வைத்தார். நூலகப் பூட்டைத் திறந்து முன்னால் நடந்தார். அதே நடை. அதே நாற்காலிகள். கடைசியில்...

சுவர். சுண்ணாம்பு உதிர்ந்த பழைய சுவர்.

"பதினோரு வருஷமா இப்படித்தான். கதவை எடுத்துட்டுச் செங்கல் வச்சு அடைச்சாச்சு. லீவுக்கு முந்தின நாள் முதல் வருஷப் பையன் ஒருத்தன் உள்ளே மாட்டிக்கிட்டான். ஒன்பது நாள் கழிச்சு நான்தான் திறந்தேன். கையில பென்சில் துண்டு. சட்டைப் பையில ஒரு சீட்டு. அவனோட சீனியர் எழுதிக் கொடுத்ததாம்."

"என்னன்னு?"

"'உள்ளேயிருந்து திறக்கும், பயப்படாதே'ன்னு."

மூட்டை என் தோளைத் தொட்டாள்.

"அக்கா... மணி எட்டு."

சுவருக்குப் பின்னால் அலாரம் அடித்தது.

காவலர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். அவருக்கும் கேட்டது. அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

பிறகு யாரோ அதன் தலையில் தட்டினார்கள்.

விடுமுறை முடிந்தது. அடுத்த வியாழன், மாலை 5.00. ஐந்து பேரும் வந்திருந்தார்கள். மூட்டை வெறும் தோளோடு வந்து முதல் நாற்காலியில் உட்கார்ந்தாள். பெட்டியைத் திறந்தேன்.

ஆறு சீட்டு.

'அக்கா, எப்போ வந்து திறப்பீங்க?'

எந்தக் கேள்வியையும் விட்டுவிடக் கூடாது என்பது விதி. அந்த ஒன்றுக்கு மட்டும் நான் இன்னும் பதில் சொல்லவில்லை.