வட்டம் பெரிதான நாள்

அன்று காலை வந்த டெங்குக் காய்ச்சல்காரர்கள் எல்லாருக்குமே ரத்தத்தில் பிளேட்லெட் அணுக்கள் ஏறியிருந்தன. டெங்குவில் இறங்குவதுதான் வழக்கம்; ஒருவருக்குக்கூட இறங்கவில்லை. அதுதான் ஜஹீதாவை உறுத்தியது.

ராயப்பேட்டையில் பிறந்து, கல்யாணமாகி மயிலாப்பூருக்கு வந்தவள் ஜஹீதா. இரண்டு பெண்களைப் பெற்ற பிறகு டிப்ளமோ படித்து, கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். எதையும் ஒருமுறை பார்த்தால் அவளுக்குப் போதாது. கேஸை அணைத்தோமா என்று மாடியிறங்கிய பிறகும் திரும்பிப் போய்ப் பார்ப்பாள். "உனக்கு வாசப்படி தாண்டவே அரை நாள் ஆவும்" என்று கணவர் உபைத் கேலி செய்வார்.

அணுக்களை எண்ணும் மெஷின் அந்த வாரம் பழுது. வெளியே விடாத மழை, உள்ளே காய்ச்சல் கூட்டம். வேறு வழியில்லாமல் மைக்ராஸ்கோப்பில் கண்ணால் எண்ணினார்கள். ஸ்லைடில் தேய்த்த ரத்தத்துக்குச் சாயமேற்றி, லென்ஸில் தெரிகிற வட்டத்துக்குள் எத்தனை பிளேட்லெட் என்று பார்க்க வேண்டும். பத்து இடங்களில் பார்த்து, சராசரியைப் பதினைந்தாயிரத்தால் பெருக்கினால் கணக்கு கிடைக்கும். முந்தைய நாள் சாயங்காலம்தான் மெக்கானிக் வந்து, பூஞ்சை பிடித்திருந்த கண்ணருகு லென்ஸ் இரண்டையும் மாற்றிவிட்டுப் போயிருந்தான். புது லென்ஸில் எல்லாம் பளிச்சென்று, அகலமாகத் தெரிந்தது. ஜஹீதாவுக்கு அதில் சந்தோஷம்தான்.

இப்போது அந்த அகலத்தின் மேல்தான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. முந்தைய நாள் எண்ணி முடித்த ஒரு ஸ்லைடைப் பெட்டியிலிருந்து எடுத்து மறுபடி எண்ணினாள். நேற்று வட்டத்துக்கு நாலு இருந்த இடத்தில் இன்று ஆறு. காய்ந்துபோன ரத்தத்தில் பிளேட்லெட் எப்படி ஏறும்?

லென்ஸைக் கழற்றிப் பார்த்தாள். விளிம்பில் 10 என்ற பெருக்க எண்ணுக்குப் பக்கத்தில், வட்டத்தின் அகலத்தைக் குறிக்கும் 20 பொறித்திருந்தது. குப்பைக்கூடையில் கிடந்த பழைய லென்ஸில் அதே இடத்தில் 16. ரிசப்ஷன் மேஜையிலிருந்து கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்து வந்து, நாலு மடங்கு பெரிதாக்கும் லென்ஸுக்குக் கீழே வைத்தாள். வட்டத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஐந்து மில்லிமீட்டர். பழைய லென்ஸைப் போட்டாள். நாலு. இருபதை நாலால் வகுத்தால் ஐந்து, பதினாறை நாலால் வகுத்தால் நாலு. எண்ணுகிற பெரிய லென்ஸிலும் அதே விகிதம்தான். ஆனால் பிளேட்லெட் பரவிக் கிடப்பது வட்டத்தின் பரப்பு முழுக்க. ஐந்தைந்து இருபத்தைந்து, நானான்கு பதினாறு. வட்டம் ஒன்றரை மடங்குக்கும் மேலே பெரிதாகிவிட்டது. பதினைந்தாயிரம் என்பதோ பழைய வட்டத்துக்குப் போட்ட கணக்கு.

 ஸ்கேலோடு, லேபை நடத்தும் டாக்டர் மதுவந்தியின் அறைக்கு ஓடினாள்.

மதுவந்தி எழுந்து வந்து, மைக்ராஸ்கோப்பில் குனிந்து இரண்டு லென்ஸிலும் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. "புது லென்ஸ் போட்டதும் கணக்கை மாத்தியிருக்கணும். எனக்கும் தோணலையே! எல்லாத்துலயும் என் கையெழுத்து இருக்கு ஜஹீதா. ஒவ்வொருத்தரா கூப்பிடு. யாருக்கு ஐம்பதாயிரத்துக்குக் கீழ போகுதோ அவங்களை முதல்ல."

அப்படிப் போனது ஒருவருக்குத்தான். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் அஞ்சலாட்சி. அறுபத்திரண்டாயிரம் என்று கொடுத்திருந்தார்கள். திருத்தினால் நாற்பதுக்கும் கீழே. ஐம்பதுக்குக் குறைந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடச் சொல்லி அவள் டாக்டர் எச்சரித்திருந்தார். "ஜொரம் வுட்டுடுச்சு, நம்பரும் ஏறிக்கீது" என்று காலையில் சிரித்துக்கொண்டே அவளை அழைத்துப் போனான் புருஷன் தேசப்பன். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தானது என்பது ஜஹீதாவுக்குத் தெரியும்.

போன் ஸ்விட்ச் ஆஃப். திரும்பவும் ஸ்விட்ச் ஆஃப். மற்றவர்களை மதுவந்தி கூப்பிட்டுக்கொண்டிருக்க, ஜஹீதா மழையில் இறங்கி ஆட்டோ பிடித்தாள். மீன் கடைகளில் பாதி மூடியிருந்தது. தார்ப்பாய்க்கடியில் இருந்த ஒரு பெண் குடியிருப்பைக் கைகாட்டினாள். "மூணாவது மாடி. அவளுக்கு ஒடம்பு முடியல, கடைக்கு வரல."

கதவைத் திறந்த தேசப்பன் விஷயம் புரிந்ததும் கத்த ஆரம்பித்தான். "காலைல ஏறிக்கீதுன்ன, இப்ப எறங்கிக்கீதுன்ற? இன்னாமா, வெளையாடுறீங்களா? எண்ணத் தெரியாதா ஒங்களுக்கு?"

ஜஹீதா அவனைத் தாண்டி உள்ளே பார்த்தாள். அஞ்சலாட்சி பாயில் சுருண்டு, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். வாயோரம் வைத்திருந்த துண்டில் ரத்தக் கறை.

"தப்பா எண்ணிட்டோம், அண்ணா. எங்க தப்புதான். ஆஸ்பத்திரில வெச்சு எவ்ளோ வேணா திட்டுங்க. இப்ப தூக்குங்க."

அவன் துண்டைப் பார்த்தான்.  இருவருமாகத் தாங்கி மூன்று மாடி இறக்கினார்கள். ஆட்டோவில் அஞ்சலாட்சியின் தலை ஜஹீதாவின் தோளில் கிடந்தது. கை பனிக்கட்டியாயிருந்தது. "தூங்காதக்கா, பேசு, எதுனா பேசு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

அரசு ஆஸ்பத்திரியில் உடனே டிரிப்ஸ் ஏற்றினார்கள். அங்கே மெஷின் காட்டியது முப்பத்தெட்டாயிரம். மறுநாள் பதினாலாயிரத்துக்கு இறங்கி, ரத்தம் ஏற்றும்படி ஆனது. அந்த நாட்களில் ஜஹீதாவுக்குச் சோறு இறங்கவில்லை. கேலி பேசுகிற உபைத்தும் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மற்றவர்களுக்கெல்லாம் திருத்திய ரிப்போர்ட் போய்விட்டது. மதுவந்தி வாசலில் அறிவிப்பே ஒட்டினார். சிலர் அத்தோடு வேறு லேபுக்குப் போனார்கள்.

அஞ்சலாட்சிக்குப் பிளேட்லெட் நிஜமாகவே ஏற ஆரம்பித்த பிறகு ஒருநாள் தேசப்பன் லேப் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"ஒம்மேல கோவமாத்தான் கீறேன். இன்னும் போவல. ஆனா அவ ஒன்ன பாக்கணுன்றா."

ஜஹீதா ஆஸ்பத்திரிக்குப் போனாள். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தாள் அஞ்சலாட்சி. முகம் பாதியாகியிருந்தது.

"வா, குந்து" என்று காலை ஒதுக்கி இடம் விட்டாள். "அன்னிக்கு ஆட்டோல இன்னாமோ பேசிக்கினே வந்தியே, ஒண்ணும் காதுல வுழல. இன்னா சொன்ன?"

ஜஹீதாவுக்கு ஒன்றுமே நினைவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தவள், அழுகை வந்துவிட, புர்காவின் முனையால் கண்ணை மூடிக்கொண்டாள்.