டீ குடித்து முடியும்வரை கால் நனைத்தவர்

ஏலப்பாறைக்கு மேலே எங்கள் எஸ்டேட் குளத்துக்கு அடியில் குழாய் அடைத்துக்கொண்டது. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பம்ப் ஆபரேட்டர் நான் என்பதால் எல்லாரும் என்னைத்தான் திட்டினார்கள். வடகரப்பதியிலிருந்து முக்குளிக்கிறவர் ஒருவரை வரவழைத்தேன்.

வழுக்கைத் தலை, நல்ல தொந்தி. வந்ததும் குளத்தில் ஒரு காலை விட்டு உட்கார்ந்து, டீயை உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தார். பக்கத்தில் இரண்டு ரெகுலேட்டர்கள் இருந்தன. சிலிண்டர் காற்றை வாய்க்கு அளந்து கொடுக்கும் கருவி அது.

“ரெண்டும் ஒண்ணுபோலத்தான இருக்கு. எதையாவது மாட்டிட்டு இறங்கும்வே,” என்றேன்.

“கோவிச்சுக்காதீங்க. ஒண்ணு நம்மூரு கெணத்துக்கு, ஒண்ணு குளுருக்கு. எதுன்னு காலு சொல்லோணுமுங்க.”

எனக்குப் பொறுக்கவில்லை. சிலிண்டரில் மாட்டியிருந்த கிணற்று ரெகுலேட்டரை எடுத்துத் தண்ணீரில் முக்கிப் பட்டனை அமுக்கினேன். காற்று சீறியது. கையை எடுத்த பிறகும் நிற்கவில்லை. அது துள்ளித் துள்ளிக் குளத்தையே என் முகத்தில் பீய்ச்சியது. குடத்தோடு நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவர் சிலிண்டரை மூடினார். “காலுக்கு முன்னால நீங்களே சொல்லிப்போட்டீங்க. குளுருல வால்வு ஒறைஞ்சா இப்படித்தானுங்க கொட்டும்,” என்றபடி அடுத்ததை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

அரைமணியில் லயத்துக் குழாய்கள் இருமி இருமித் தண்ணீரைக் கக்கின. பெண்கள் என்னை இழுத்து ஆடவிட்டார்கள். கல்யாண வீட்டில்கூட ஆடாதவன் நான், அன்று ஆடினேன்.

இப்போதும் டீயோடு போய் அந்தக் குளத்தில் கால் விட்டுப் பார்க்கிறேன். என் கால் ஒன்றும் சொல்வதில்லை. விறைத்துப்போகிறது, அவ்வளவுதான்.