பூசைக்கு நின்ற சர்வர்

கம்ப்யூட்டர் சர்வர் ஓடும்வரை அதைப் பார்த்துக்கொள்பவரை யாருக்கும் தெரியாது. நின்றுவிட்டால் வாட்ச்மேனுக்குக்கூட நம் பெயர் தெரிந்துவிடும். இதே வேலையில் மாட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அது காரிமங்கலம் பக்கம், ஒரு மாம்பழக்கூழ் ஆலையில்.

ஒரே நம்பர்

எங்களிடம் இரண்டு சர்வர்கள். ஒன்று, பழ லாரிகளுக்கு டோக்கன் கொடுக்கும். மற்றது எல்லாவற்றையும் உடனுக்குடன் நகலெடுத்தபடி, முதலாவது விழுந்தால் பொறுப்பேற்கக் காத்திருக்கும். போன சீசனில் நடுவிலிருந்த கேபிளை எலி கடித்துவிட்டது. மற்றது செத்துவிட்டது என்று இரண்டுமே நினைத்து, இரண்டுமே டோக்கன் கொடுத்தன. ஒரே நம்பரோடு இரண்டு டிரைவர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

இந்த சீசனுக்கு முன்னால் மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.

"இந்த வருசம் கேட்ல டோக்கன் ஒரு வாட்டி நின்னாலும் பழையபடி நோட்டுல எழுதவே போயிருவோம்மா. அப்புறம் உனக்கு இங்க என்ன வேலை?"

மூன்றாவது ஓட்டு

அதனால்தான் மென்பொருளின் புதிய பதிப்பு. அதன் புதிய வசதிகளை நாலு முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி புரிந்தது. உருப்படியாகப் புரிந்தது ஒன்றுதான். மூன்றாவதாக ஒரு சின்ன இயந்திரம் வேண்டும். அதில் டோக்கன் விவரம் எதுவும் இருக்காது. ஓட்டு மட்டும் போடும். சர்வர்களுக்கும் ஆளுக்கொரு ஓட்டு; தன் ஓட்டையும் சேர்த்து மூன்றில் இரண்டு இருந்தால்தான் ஒரு சர்வர் வேலை செய்யலாம்.

அதை எடைமேடை அறையில், சர்வர்களுக்கு இருப்பதுபோல் பேட்டரி எதுவும் இல்லாமல், சுவர் பிளக்கிலேயே மாட்டினேன். எடை போடும் குமரேசன் அண்ணனிடம் தயங்கித் தயங்கி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஒண்ணுமே தெரியாதது ஓட்டுப் போட்டு தலைவர ஆக்குது. இதுல புதுசா என்னங்க இருக்குது?"

முதல் லோடு

கம்பைநல்லூரிலிருந்து முதல் லாரி வந்த காலை. லாரி வர மதியமாகும் என்று சொல்லியிருந்ததால், முதல் சர்வரில் ஏற்றிய புதிய பதிப்பை இரண்டாவதிலும் ஏற்ற அதை நிறுத்தியிருந்தேன். திடீரென்று முதல் சர்வரும் டோக்கன் கொடுக்க மாட்டேன் என்றது. வட்டு சரி, நினைவகம் சரி, எல்லாம் சரி. நல்ல உடம்போடு அது ஏன் படுத்துக்கொண்டது என்று எனக்கு விளங்கவில்லை. கடைசியில் சர்வர் தானே எழுதிவைக்கும் பதிவேட்டில் ஒரு வரி: பெரும்பான்மை இல்லை, விலகிக்கொள்கிறேன்.

அப்படியானால் மூன்றாவது எங்கே? எடைமேடைக்கு ஓடினேன். முதல் லோடுக்குக் கற்பூரம் காட்டும்போது இயந்திரங்கள் ஓடக் கூடாது என்பது ஆலை வழக்கமாம். குமரேசன் அண்ணன் எடைமேடையின் மெயின் சுவிட்சையே இறக்கியிருந்தார். லாரி மாலையோடு நின்றது. மேலாளர் கைகூப்பி நின்றார். "அண்ணா, மெயின் போடுங்க!" என்று கத்தியேவிட்டேன். இந்த ஆலையில் நான் சத்தமாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"கற்பூரம் அணையட்டுங்க," என்றார்.

அணைந்தது. மெயின் ஏறியது, இரண்டாவது ஓட்டு விழுந்தது, கேட் திரையில் டோக்கன் வந்தது. வேலை போய்விட்டது என்றே நின்றேன். மேலாளர் நெற்றியில் விபூதியோடு வந்தார்.

"பூசை முடியற வரைக்கும் சர்வரும் நின்னு, அப்புறம் அதுவா கெளம்புச்சு பாரும்மா! புது வசதின்னா இப்படி இருக்கோணும்."

இப்படியாக, அந்தப் பதிப்பில் எங்கள் ஆலை மனதாரப் பாராட்டிய ஒரே வசதி, அதைச் செய்தவர்களுக்கே தெரியாதது.