வரப்பில் பூத்த உப்பு

செவ்வாய்க் கிரகத்தின் கனிமங்களைப் பார்ப்பது என் வேலை. கையில் எடுத்துப் பார்ப்பது அல்ல. விண்கலம் அனுப்பும் படங்களில், எந்த ஒளி எங்கே குறைகிறது என்று பார்த்து, இன்ன கனிமம் என்று சொல்வது. இதைச் சொந்தக்காரர்களுக்கு விளக்கி விளக்கி அலுத்துப்போய், இப்போதெல்லாம் "கல்லு பாக்கேன்" என்று முடித்துக்கொள்கிறேன்.

ஐந்து வருடமாக ஒரே ஒரு வற்றிய ஏரியைக் கட்டிக்கொண்டு அழுதேன். அதன் பள்ளத்தில் ஜிப்சம் தெரிந்தது. மேலே கரைச்சரிவில் உப்பு தெரிந்தது. அங்கேதான் இடித்தது. நான் தூத்துக்குடி உப்பளத்து வீட்டுப் பெண், எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கடல்நீர் வற்றும்போது ஜிப்சம் முதலில் படியும், மிஞ்சிய நீர் கடைசியில் உப்பாகும். மிஞ்சிய நீர் பள்ளத்தில்தானே கிடக்கும்? மேட்டில் உப்பு என்றால் பிழை என்னுடையதுதான். அந்த இடத்தை இன்னும் நெருக்கமாகப் படமெடுக்கும்படி கேட்டிருந்த விண்ணப்பத்தை நானே திரும்பப் பெற முடிவு செய்தேன். திங்கட்கிழமைக்குள் கடிதம் போக வேண்டும். சனிக்கிழமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

மறுநாள் காலை மதினியோடு அளத்துக்குப் போனேன். மதினி, என் அண்ணன் மனைவி, பாத்தியில் இறங்கி வாருபலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். நான் வரப்பில் உட்கார்ந்து, மடிக்கணினியில் கடிதத்தை எழுதி முடித்துவிட்டு எழுந்தேன்.

"ஏளா, பின்னாடி பூரா வெள்ளையா அப்பியிருக்கு. தட்டிவிடு."

உட்கார்ந்த இடத்தைப் பார்த்தேன். பாத்தி நீருக்கு ஒரு சாண் மேலே வரப்பு மண் வெளுத்துக் கிடந்தது.

"இது என்னது மதினி?"

"வரப்புல பூக்கது. ஈரம் மேல ஏறிக் காஞ்சா பூக்கும்லா."

"உப்பா?"

"மண்ணு கலந்ததை எவ உப்புன்னு சொல்லுவா? அதை நாங்க வாரவே மாட்டோம்."

எங்கள் அளத்தில் பாத்தியிலிருந்து வாரினால்தான் உப்பு. வரப்பில் இருப்பது அழுக்கு. பிறந்ததிலிருந்து அதன்மேல்தான் நடந்திருக்கிறேன், ஒருநாளும் உப்பென்று நினைத்ததில்லை. விரலால் சுரண்டி நாக்கில் வைத்தேன். உப்பேதான். வெட்கமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. செவ்வாயின் ஏரிக்கரையும் இப்படி நீரை மேலே இழுத்திருக்கலாம். எழுதிய கடிதத்தை அழித்துவிட்டு, பக்கத்தில் அளவுகோல் வைத்து வரப்பைப் படமெடுத்து, ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேறொரு கடிதம் எழுதினேன்.

சில மாதங்கள் கழித்துப் பதில் வந்தது. அடுத்த சுற்றில் அந்தக் கரையைப் படமெடுப்பார்கள். உடனே மதினிக்குப் போன் செய்தேன். பேச ஆரம்பித்ததுமே அழுகை வந்துவிட்டது.

"அங்கன உப்பு இருக்குன்னு சொல்லிட்டாவளா?"

"இல்ல மதினி. இனிமேத்தான் பாக்கணும்."

"இல்லாமப் போச்சுன்னா?"

"இல்லன்னு எழுதுவேன்."

"பொறவு எதுக்குளா அழுத?"

"பாக்க வேண்டாம்னு நானே எழுதி வச்சிருந்தேன் மதினி. இப்ப பாக்கப் போறாவ."