வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் சொன்னது

என் கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சுக்கு நேர் எதிரே, ஒரு பெரியவரின் இரண்டு படங்களைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். முதல் படத்தில் மேல்வரிசையில் ஒரு பல்கூட இல்லாமல் உதடு உள்ளே மடிந்து கிடக்கும். இரண்டாவதில் பளீரென்று முழு வரிசை. அவர் சிரிக்கிறார் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். சிரிக்கவில்லை. "ஐயா, ஈன்னு காட்டுங்க, ஈன்னு" என்று நான் அதட்டியதில் உதட்டை விரித்தார். கோவில்பட்டியில் பல் டாக்டராக இருபது வருஷம் குப்பை கொட்டியாயிற்று. நான் வெட்கப்படுகிற வேலை எது என்று யாராவது கேட்டால் அந்தப் படத்தைத்தான் காட்ட வேண்டும். யாரும் கேட்பதில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள்.

அவர் எப்போதும்வென்றான் என்கிற ஊர்ப் பக்கம் செம்மறி மேய்க்கிறவர். அறுபத்தைந்து வயது இருக்கும். கூட்டிக்கொண்டு வந்தது மகன். புதியம்புத்தூரில் மெஷின் போட்டு ரெடிமேடு துணி தைக்கிறவர், நல்ல இஸ்திரிச் சட்டை போட்டிருந்தார். பேசியதெல்லாம் அவர்தான்.

"டாக்டரம்மா, என் மவளுக்கு நிச்சயதார்த்தம் வச்சிருந்தோம். பந்தியில சம்பந்தக்காரவிய எல்லாரும் உக்காந்திருக்காவ. எங்கப்பா சாப்ட்டு முடிச்சதும் பல்செட்டக் கழட்டி, துண்டுல தொடச்சு, சட்டப்பையில போட்டுக்கிட்டாவ. எனக்கு மானமே போச்சு. இனி கழட்டவே முடியாத பல்லா வச்சு விடுங்க."

"எப்பவும் இப்படிக் கழட்டுவாங்களா?"

"எப்பவும்தான். திங்கதுக்கு மட்டும் மாட்டுவாவ. மத்த நேரம் பையிலதான் கெடக்கும்."

"லூசா இருக்கும், அதான்" என்று நான் முடித்துவிட்டேன். வாயில் போட்டுப் பார்த்தேன், லூசாகத்தான் இருந்தது. கண்டுபிடித்தது சரியாகப் போனதால் அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. காடு மேடெல்லாம் சுற்றுகிற மனிதர் பல்லைக் கழற்றி வைப்பதற்கு அவரிடமே ஒரு காரணம் இருக்கும் என்று என் படித்த மண்டைக்கு எட்டவில்லை.

ஸ்கேன் எடுத்தோம். கீழ்வரிசையில் பாதிக்கு மேல் சொந்தப் பல். அவை வருஷக்கணக்காக மேலே இருந்த பல்செட்டை இடித்து இடித்து மேல்தாடை எலும்பைக் கரைத்திருந்தன. அப்பளக் கனத்துக்குத்தான் எலும்பு மிச்சம். சாதாரணமாக இம்பிளான்ட் திருகு ஏற்றுவதற்கு அதில் பிடிமானமே கிடையாது.

வழி மூன்று இருந்தது. இடுப்பெலும்பிலிருந்து எடுத்து ஒட்டி, அது ஊறிப் பிடிக்கிறவரை மாதக்கணக்கில் காத்திருந்து, பிறகு திருகு போடலாம். இல்லாவிட்டால் தாடையை விட்டுவிட்டு, நீளமான திருகுகளைக் கன்ன எலும்பு வரைக்கும் ஏற்றலாம். சில நாளிலேயே நிரந்தரப் பல்வரிசையை முடுக்கிவிடலாம். மூன்றாவது, அதே கன்னத்துத் திருகுகளின்மேல் ஒரு மெல்லிய கம்பியை வைத்து, அதில் மாட்டிக் கழற்றுகிற பல்வரிசை. இந்த மூன்றாவதை நான் சொன்ன குரலை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. கடைக்காரர் விற்க விரும்பாத சேலையை விரித்துக் காட்டுவாரே, அப்படிச் சொன்னேன். கன்ன எலும்பு வைத்தியத்துக்கு எங்கள் ஊர்க்காரர்கள் அதுவரை மதுரைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். கோவில்பட்டியில் முதலில் செய்தது நான் என்று இருக்க வேண்டும். அந்த ஆசை எனக்கு இருந்தது, மறைத்து என்ன ஆகப்போகிறது.

இதையெல்லாம் நான் மகனிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் நாற்காலியில் மல்லாந்து கிடந்தார். வாய்க்குள் பல் பார்க்கிற என் சின்னக் கண்ணாடி இருந்தது. நடுவில் ஒரு தரம் கையைத் தூக்கினார். தொண்டைக்குள்ளேயே ஏதோ சொன்னார். பிறகு நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி 'ட்ர்ர்ர்' என்று ஒரு சத்தம் எழுப்பினார். எச்சில் கட்டுகிறது போல என்று நினைத்து, உறிஞ்சு குழாயை எடுத்து வாய்க்குள் வைத்தேன்.

"பேசாதீங்க ஐயா, ஆட்டாம இருங்க. மவன்கிட்டதான் பேசிட்டிருக்கேன்லா."

கையை இறக்கிக்கொண்டார். எங்கள் பக்கத்தில், மகன் முன்னால் நின்று ஒரு காரியத்தைச் செய்யும்போது அப்பா குறுக்கே பேசமாட்டார். நாலு பேர் முன்னால் மகனின் மதிப்புக் குறைந்துவிடும். எனக்கு அது தெரியாதா என்ன, என் வீட்டிலும் அதுதான் பழக்கம். இருந்தும் அவர் பேசாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். காட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டார்.

மதுரையிலிருந்து அறுவைச் சிகிச்சை டாக்டரை வரவழைத்து, அந்த இரண்டாவது வழியைச் செய்தோம். நன்றாகவே அமைந்தது. ஒரு குறை மட்டும் உண்டு: கன்னத்திலிருந்து இறங்குகிற திருகு, பல் இருக்க வேண்டிய இடத்துக்குச் சற்று உள்ளே தள்ளித்தான் தலைகாட்டும். அதை மூடுவதற்குப் பல்வரிசையை அண்ணத்துப் பக்கம் தடிமனாகக் கட்ட வேண்டும். பேச்சில் கொஞ்சம் காற்றுப் போகும், பழகிவிடும் என்று புத்தகத்திலேயே இருக்கிறது. நானும் அதையே சொன்னேன். மகன் சந்தோஷத்தில் கடம்பூர் போளி ஒரு பெட்டி வாங்கி வந்தார். "போளி திங்க பல்லு எதுக்கு, கடலைல்லா வாங்கிட்டு வரணும்" என்று நான் கேலி பண்ணினேன். எல்லாரும் சிரித்தோம். பெரியவரும் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

அதற்குப் பிறகு செக்கப்புக்கு இரண்டு தடவை வரவில்லை. போன் பண்ணினால் மகன், "அப்பா கிடையில இருக்காவ டாக்டரம்மா" என்றார். எனக்குக் கோபம் சட்டென்று வரும். இவ்வளவு பாடுபட்டு வைத்த பல்லைக் காட்டக்கூட வராமல் அப்படி என்ன ஆடு என்று, ஒருநாள் காலையில் தூத்துக்குடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில் காரை அந்தப் பக்கம் திருப்பினேன். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் போனேன்.

வெள்ளாமை எடுத்து முடித்த புஞ்சை. உரத்துக்காக ராத்திரி அதில் ஆடுகளை அடைத்துப் போடுவதுதான் கிடை. நாலு பேருடைய ஆடுகளை ஒன்றாக அடைத்திருந்தார்கள். விடிந்ததும் அவரவர் ஆட்டைப் பிரித்து மேய்ச்சலுக்கு ஓட்ட வேண்டும். நான் போனபோது ஒருவர் ஒரு மூலையில் நின்று நாக்கை உருட்டி, 'ட்ர்ர்ர்' என்று இழுத்துக் கூப்பிட்டார். அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து அவர் ஆடுகள் மட்டும் தலையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போயின. அடுத்தவர் கூப்பிட்டார், அவருடையவை போயின. நாற்காலியில் நான் கேட்ட சத்தம் அதுதான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

என் ஆள் கூப்பிடவில்லை. கம்பை ஊன்றிக்கொண்டு உள்ளே போய், ஒவ்வொரு ஆடாகக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்து, போட்டோவுக்குக் காட்டிய மாதிரியே உதட்டை விரித்துப் பல்லைக் காட்டினார்.

"பல்லு நல்லாருக்கு தாயி."

பக்கத்தில் நின்ற ஆட்டுக்காரர் என்னிடம் வந்தார். "டாக்டரம்மா, மச்சானுக்குத் தொண்டைக்கு ஒரு மருந்து எழுதிக் குடுங்க. மாசியிலருந்து கட்டிக் கெடக்குன்னு சத்தமே குடுக்க மாட்டேங்காவ. இவிய ஆட்டப் பிரிக்கதுக்குள்ள வெயிலு ஏறிருது. வார வருசம் தனியாக் கிடை போட்டுக்கிடுங்கன்னு சொல்லிட்டோம். ஒத்த ஆளு ஆடு உரத்துக்குக் காணாது, யாரு புஞ்சையில போடச் சொல்லுவாவ? வித்துரணும், வேற வழியில்ல."

போன் விளக்கை அடித்துத் தொண்டையைப் பார்த்தேன். தொண்டையில் ஒன்றும் இல்லை. மற்றவர் தள்ளிப் போனதும் பெரியவர் மெதுவாகச் சொன்னார்.

"நாக்கு பொரள எடமில்ல தாயி."

கூப்பிட்டுக் காட்டினார். 'ஸ்ஸ்ஸ்' என்று காற்றுதான் வந்தது. ஓர் ஆடு திரும்பிப் பார்த்துவிட்டு அசைபோடத் தொடங்கியது.

"பழைய பல்லக் கழட்டிக் கழட்டிப் பையில போட்டது இதுக்குத்தானா?"

"பின்னே? பல்லப் போட்டுக்கிட்டு ஆட்டக் கூப்பிட ஏலாதுல்லா."

"அன்னைக்கே சொல்லிருக்கக்கூடாதா ஐயா?" இதையும் நான் அதட்டலாகத்தான் கேட்டேன்.

"சொன்னேனே. சத்தம் போட்டே காமிச்சேன். நீங்க கொழாய வச்சிட்டிய."

குறையாகச் சொல்லவில்லை. நேற்று மழை பெய்தது என்கிற மாதிரி சொன்னார். எனக்கு அந்தக் கரிசல் வெடிப்புக்குள் இறங்கிவிடலாம் போல இருந்தது. தொண்டை என்று ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"பல்லால போச்சுன்னா மவன் காதுக்குப் போவும். ஆசையாச் செஞ்சான். உங்களையும் நாலு பேரு குத்தஞ் சொல்லுவாவ. எதுக்கு?"

கல்யாணத்துக்குப் போகாமல் காரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் அவரை மட்டும் வரச் சொன்னேன். இந்தத் தடவை நாற்காலியைச் சாய்க்காமல், வாய்க்குள் எதையும் வைக்காமல், எதிரில் உட்கார்ந்து கேட்டேன். நிரந்தர வரிசையை எடுத்துவிட்டு, அன்றைக்குக் குரலைத் தாழ்த்திச் சொன்ன அந்த மூன்றாவது வழியைச் செய்தேன். என் தப்பு, என் செலவு. கழற்றினால் உள்ளே ஒரு மெல்லிய கம்பி மட்டும் இருக்கும், நாக்குக்கு இடம் உண்டு; பழையபடி அப்படியே வருமா என்று தெரியாது என்பதையும் சொல்லிவிட்டேன்.

பல் மாட்டிய இரண்டாம் நாள் விடியற்காலையில் கிடைக்குப் போய் நின்றேன். அவர் பல்வரிசையைக் கழற்றி, துண்டில் துடைத்து, சட்டைப் பையில் போட்டார். கூப்பிட்டார். சத்தம் பழசுபோல இல்லை, கொஞ்சம் கரகரத்தது. முதலில் ஒன்றும் அசையவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டதும் ஒரு கிழட்டு ஆடு வந்தது, அப்புறம் பெரிய ஆடுகள் ஒவ்வொன்றாக வந்தன. இந்த வருஷத்துக் குட்டிகளுக்கு அவர் குரல் தெரியாது. தாய்கள் வந்ததால் அவையும் பின்னால் ஓடி வந்தன.

என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். பல் இல்லாத வாய், எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

"இன்னொரு தடவ சொல்லுங்க ஐயா" என்று கிட்டப் போனேன்.

"மவன்கிட்ட கழட்டுத பல்லுன்னு சொல்லிராதிய தாயி."

போன மாதம் அந்த மகன் தன் மகளின் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து சுவரில் இருந்த அப்பாவின் படத்தை வெகுநேரம் பார்த்தார். "இனி கழட்டவே முடியாதுல்லா டாக்டரம்மா?" என்று கேட்டார். "முடியாது" என்றேன். அதனால்தான் அந்தப் படம் இன்னும் அங்கேயே இருக்கிறது. எடுத்தால் ஏன் என்று கேட்பார்.